40 வளைவும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழமும்

ஊட்டிக்குப் போனால் பாதிக் கோயம்புத்தூரை அங்கேயும் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் வால்பாறை என்று முடிவானது. உக்கடத்தில் ஏறி, பொள்ளாச்சியில் பஸ் மாறி, ஆழியாறு அணையைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முக்கால்வாசி முடிந்திருக்கும் என்று நிமிர்ந்தால், பலகை ‘6’ என்கிறது.

வாந்தி வராது என்று பெரியம்மா ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வாங்கித் தந்திருந்தார். முன் சீட்டுக்காரர்களுக்கும் ஒரு பெரியம்மா இருந்திருக்க வேண்டும். பழத்தை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, பஸ்ஸே சாமி வரக் காத்திருந்தது. வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டுப் பிடித்த சன்னல் இப்போது அவசரத் தேவை ஆகிவிட்டது.

9ஆவது வளைவு லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுசாகத் தெரியும் இடம். கார்க்காரர்கள் இறங்கிப் போட்டோ எடுத்தார்கள். நம்ம பஸ் நிற்காது. அதற்கு மேலே ஒரு வளைவில், தடுப்புச் சுவரையொட்டி வரையாடு ஒன்று. மாநில விலங்காயிற்றே, மொத்தப் பேரும் எழுந்து ஒரு பக்கம் சாய்ந்தோம்.

“உக்காருங்க! அது எங்கயும் போகாது. தினமும் இங்கதான் நிக்குது,” என்றார் கண்டக்டர். ஆடு அசை போட்டபடி எங்களைப் பார்த்தது. தினமும் பார்க்கிற பார்வைதான்.

இத்தனைக்கும் நடுவில் என் பக்கத்து சீட்டு எஸ்டேட் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். காலடியில் சின்ன வெங்காய மூட்டை, தலையில் முந்தானை. இடது வளைவில் தலை என் தோளுக்கு வரும். வலது வளைவில் தானாகத் திரும்பிப் போகும். அட்டகட்டியில் ஒரு கண்ணை மட்டும் திறந்து இடத்தைச் சரிபார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவர் எஸ்டேட் வந்தபோது, கண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன்பே மூட்டை இடுப்பில் இருந்தது.

“ஏன் தம்பி, வழிநெடுக மோந்துக்கிட்டே வர்றீங்க? உப்புப் போட்டுத் தின்னுட வேண்டியதுதானே?” என்று கேட்டுவிட்டு இறங்கினார்.

வால்பாறையில் தூறல். தேயிலைத் தோட்டம், சிங்கவால் குரங்கு, பாலாஜி கோயில் என்று பட்டியலோடு வந்தவர்கள், இறங்கியதும் நேராக டைம்கீப்பரிடம் போய் நின்றோம்.

“கீழ போறதுக்குக் கடைசி பஸ் எப்பங்க?”

அவர் எங்களையும் நாங்கள் இறங்கிய பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். “இப்பத்தானே வந்தீங்க? மொதல்ல ஒரு டீயைக் குடிங்க.”

பெரியம்மா அதற்குள் எலுமிச்சம்பழம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.