நீர்வேலிச் சுயவிபரக் கோவை: இயந்திர வாசிப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

சுயவிபரக் கோவை என்பது வேலை தேடுபவர் தமக்குத் தாமே சாட்சி சொல்லும் இரண்டு பக்க ஆவணம். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியில் கோப்பாயைத் தாண்டினால் வரும் நீர்வேலியில் வழங்கும் வடிவம், தகப்பன் பெயர், நிரந்தர முகவரி, கிராம அலுவலர் பிரிவு, சமயம், சாதாரண தரத்தின் ஒன்பது பாடப் பெறுபேறுகள், உறவினரல்லாத இரு சாட்சிகள், உறுதிமொழி என்ற ஒழுங்கில் அமையும். சாட்சிகளுள் ஒருவர் ஓய்வுபெற்ற அதிபராகவும் மற்றவர் சமாதான நீதவானாகவும் இருத்தல் நலம். ஒரே ஊரில் உறவினரல்லாத இருவரைக் கண்டுபிடிப்பதே தயாரிப்பின் மிகக் கடினமான கட்டம்.

இக்கோவையை முதலில் வாசிப்பது இன்று இயந்திரமாகவும் இருக்கலாம். ஆனால் ஆளில்லாத் தெரிவு தமிழருக்குப் புதிதன்று. திருவிளையாடற் புராணத்தின் சங்கப் பலகை தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடங்கொடுத்தது. தள்ளப்பட்டவருக்குக் காரணம் சொன்னதாகச் செய்தியில்லை. பதவியின் பெயரைத் தபாலுறையின் இடது மேல் மூலையில் எழுதச் சொல்லும் அரச வர்த்தமானி வழக்கம் இதன் இடைக்கால வளர்ச்சி: உறையைப் பிரிக்காமலே பிரித்துவைக்கலாம்.

விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கும் இன்றைய மென்பொருள் கோவையிலுள்ள எழுத்துகளை மட்டும் உருவியெடுத்து, பெயர், கல்வி, அனுபவம் என்ற பெட்டிகளில் போட்டு, வேலை விளம்பரத்திலுள்ள சொற்களோடு ஒப்பிடுகிறது. பொதுவாக எவரையும் அது வெளியே தள்ளுவதில்லை. பட்டியலில் கீழே இறக்கிவிடும். அவ்வளவு கீழே அதிகாரி வருவதில்லை.

சேதங்கள் பலவகை. இரண்டு நிரல்களில் அழகுபடுத்திய கோவையை இயந்திரம் சிலவேளை குறுக்கே வாசிப்பதால், பௌதிகவியலில் பெற்ற சித்தி கிரிக்கெட்டோடு சேர்ந்துவிடும். பக்கத் தலைப்பில் வைத்த தொலைபேசி இலக்கம் காணாமற்போகலாம். ஒளிப்படமாக ஸ்கேன் செய்த சான்றிதழ் பல மென்பொருள்களுக்கு வெறும் படம். பாமினி எழுத்துருவில் ரைப் செய்தது இன்னும் பரிதாபம்: கண்ணுக்கு ‘ந’ தெரியுமிடத்தில் கணினி வைத்திருப்பது ஆங்கில ‘ஈ’. ஆகவே தமிழ்க் கோவைக்கு யூனிகோட் அவசியம். குடும்பப் பெயர் கேட்கும் பெட்டி தனிச் சிக்கல். தகப்பன் பெயரை அங்கே இட்டால், நேர்முகத்துக்கு அழைக்கப்படுபவர் தகப்பனாகவே இருப்பார்.

சொல் பொருத்தமே மையம். வாழைத்தோட்டம் செய்து, குலைகளைப் பருவம் பார்த்து வெட்டி, விலை விசாரித்துத் திருநெல்வேலிச் சந்தைக்கோ சுன்னாகத்துக்கோ அனுப்பியவர் ‘தோட்டம்’ என்று மட்டும் எழுதுவார். விளம்பரம் கேட்டிருப்பதோ விநியோகச் சங்கிலி முகாமைத்துவம். செய்த வேலையை விளம்பரத்தின் சொல்லிலேயே எழுதுவது பொய்யாகாது. செய்யாததை எழுதுவது எந்தச் சொல்லிலும் பொய்தான். விளம்பரச் சொற்களை வெள்ளை மையில் ஒளித்துவைக்கும் தந்திரமும் உண்டு. மென்பொருள் நிறத்தைக் கழற்றிவிட்டு எழுத்தை மட்டும் காட்டும்போது, ஒளித்தது முழுவதும் அதிகாரியின் திரையில் கறுப்பாக நிற்கும்.

எளிய வாய்பாடு: ஒரே நிரல், வழக்கமான தலைப்புகள், விளம்பரத்துக்கு விளம்பரம் திருத்திய வாசகம். கணினிக் கடையில் முன்னவரின் கோப்பைத் திறந்து பெயரை மாத்திரம் மாற்றும் முறை இதற்கு ஒத்துவராது. முன்னவரின் பொழுதுபோக்குகளும் சமயமும் கூடவே வந்துவிடும்.

வயதை மறைக்க விரும்புவோர் அடையாள அட்டை இலக்கத்தையும் நீக்க வேண்டும். பழைய இலக்கத்தின் முதலிரு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று எண்கள், அது வருடத்தில் எத்தனையாம் நாள் என்பது; பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். ஈற்றிலுள்ள உறுதிமொழியையும் கையொப்பத்தையும் இயந்திரம் பொருட்படுத்துவதில்லை. எனினும் அவற்றை நீக்கிய கோவை நீர்வேலியில் இதுவரை ஆய்வுக்குக் கிட்டவில்லை.