கீறலுக்கு ஒரு காப்பு

வீடியோ கேமுக்கான நீட்டிப்பு வாரண்டி என்பது அமெரிக்கக் கடைகளில் பில் போடும் நேரத்தில் பிறக்கும் பண்டம். அதுவரை வட்டின் அருமை பெருமைகளைப் பாடிய விற்பனையாளர், வாடிக்கையாளர் கார்டை நீட்டியதும், அது கீறல் விழுந்தால் பாழாகிவிடும் நோஞ்சான் என்று கண்டுபிடிப்பார். சில டாலர் கூடுதலாகக் கட்டினால் கெட்டுப்போன வட்டை மாற்றித் தருவார்கள். தொலைந்தாலோ திருடு போனாலோ பொதுவாகக் கிடையாது. கேம் படுமோசமாக இருந்தால் நிச்சயம் கிடையாது. பிளேஸ்டேஷன் 3 காலத்திலிருந்து வரும் புளூ-ரே வட்டுகளுக்குக் கீறல் தாங்கும் பூச்சு உண்டு. டவுன்லோடு செய்த கேமில் கீறுவதற்கு ஒன்றுமே இல்லை.

கன்சோலின் கதை வேறு. 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது அமெரிக்காவில் அதற்கு 90 நாள் வாரண்டிதான். முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தால் பெட்டி காலி. புகார்கள் குவியவே, மைக்ரோசாஃப்ட் 2006 டிசம்பரில் வாரண்டியை ஓராண்டாக்கியது. 2007 ஜூலையில் அந்தக் கோளாறுக்கு மட்டும் மூன்றாண்டு என்று அறிவித்து, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. கடையில் தனியாகக் காசு கட்டியிருந்த முன்ஜாக்கிரதை முத்தண்ணாக்களுக்கும் கட்டாத அசடுகளுக்கும் சிவப்பு விளக்கு விஷயத்தில் ஒரே நீதி.

வட்டுக்கு வாரண்டி வீண். கன்சோலுக்கு வாங்க நினைப்பவர், கடை சொல்லும் இரண்டாண்டில் தயாரிப்பாளர் சும்மா தரும் ஓராண்டும் அடக்கமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சில கிரெடிட் கார்டுகள் கூடுதல் ஓராண்டை இலவசமாகவே தருகின்றன.