சேவற்பூச் சேதம்: ஒரு கொல்லைப்புற ஆய்வு

கோழி விஷயத்தில் தமிழ் அறிவுலகின் அக்கறை இரண்டோடு முடிந்துவிடுகிறது: முட்டை, குழம்பு. கொண்டையைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. சூரபத்மனின் ஒரு பாதி சேவலாகி முருகன் கொடியில் ஏறிய வரலாறு எல்லோருக்கும் தெரியும். கொடியில் பெட்டை கிடையாது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தச் சேவலின் கொண்டை இன்றுவரை முழுசாக இருப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

என் ஆய்வுக்களம் நாமக்கல் பக்கம், வீட்டுக் கொல்லையில் பத்துக்கு ஆறடிக் கம்பிவலைக் கூண்டு. மாதிரி: ஏழு மாதச் சேவல் ஒன்று, இரண்டு வயதுப் பெட்டைகள் நான்கு. மாதிரி போதாது என்கிற அறிஞர்கள் ஒரு வாரம் இந்த நான்கையும் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

முதலில் கலைச்சொல். கொண்டை என்பது ஏட்டு வழக்கு. வளர்ப்பவர் வாயில் அது 'பூ'. சண்டைச் சேவல்காரர்கள் கத்திப்பூ, மத்திப்பூ என்று பிரித்தே பேசுவார்கள். எங்கள் சேவலுக்குக் கத்திப்பூ, ஐந்து பல். ஒரு சித்திரை மாதக் காலையில் கூண்டைத் திறந்தபோது நாலரை. ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. கருப்பி என்கிற மூத்த பெட்டை அலகைத் தரையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டைகிட்ட அடி வாங்குன சேவல இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் கள மேற்பார்வையாளர். என் மனைவிதான்.

முன்னாய்வுகளைப் பார்ப்போம். ஜெர்மனியின் கோட்டிங்கனில் 1849ல் பெர்த்தோல்ட் என்பவர் ஆறு இளஞ்சேவல்களின் விதையை எடுத்தார். விதையில்லாமல் விட்டவற்றுக்குப் பூ சிறுத்தது, கூவல் போனது, சண்டை மறந்தது. விதையை வயிற்றுக்குள் திரும்ப வைத்தவை பழையபடி வளர்ந்து கூவின. ஹார்மோன் பற்றிய அறிவியல் அங்கேதான் தொடங்கியது என்பார்கள். ஆக, பூ என்பது ஆண்மையின் விளம்பரப் பலகை. அதை நல்ல சிவப்பில், உச்சந்தலையில், எட்டிக் கொத்த வாகான உயரத்தில் மாட்டிய தச்சனைத்தான் கேட்கவேண்டும்.

அடுத்தவர் நார்வேக்காரர் ஷெல்டெரூப்-எப்பே. சின்னப் பையனாக இருந்தபோதே கோழிகளை உட்கார்ந்து பார்த்து, யார் யாரைக் கொத்தலாம் என்று வரிசை போட்டவர்; 1920களின் தொடக்கத்தில் அதை வெளியிட்டார். வளர்ந்த சேவல் பெட்டைகளுக்கு மேலேதான் நிற்கும். விடலைச் சேவலை மூத்த பெட்டைகள் நடுவில் விட்டால் கதை வேறு. புது மாப்பிள்ளை மாமியார் வீட்டில் தங்குகிற மாதிரி.

இனி சிகிச்சை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "மொதல்ல துணிய வெச்சு அமுக்கிப் புடி சாமி, பூவுல ரத்தம் லேசுல நிக்காது" என்றார். பூ முழுக்க ரத்தக்குழாய். சேவலைக் கக்கத்தில் இடுக்கி, துண்டால் கண்ணை மூடினேன், உடனே அடங்கியது. பழைய வேட்டிக் கிழிசலால் அழுத்திப் பிடித்தேன். குக்கர் இரண்டு விசில் அடிக்கும்வரை எடுக்கக்கூடாது என்பது மேற்பார்வையாளர் உத்தரவு. முதல் விசிலுக்கே எடுத்துப் பார்த்தேன். சேவல் தலையை ஒரு உதறு உதறியது. வெள்ளையடித்த சுவர், என் பனியன், பெரியம்மாவின் மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றிலும் தரவு பதிவானது.

பிறகு வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கழுவி, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினோம். ஈ உட்கார்ந்து புழு வைக்காது. கொத்த வருகிறவளுக்கும் கசக்கும். (காயமே இல்லாமல் பூவில் கொப்புளமும் பொருக்கும் வந்தால் அது அம்மை, அதற்கு இந்தக் கட்டுரை உதவாது, கால்நடை மருத்துவரிடம் போகவும்.)

இங்கே நிறுத்தியிருக்கலாம். சிவப்பு தெரிவதால்தானே கொத்துகிறார்கள் என்று தர்க்கம் செய்து, மேலே ஊதா மருந்தையும் தடவி அன்றைக்கே கூண்டில் விட்டேன். கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதே தலையையும் பூவையும் பார்த்துத்தான் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. நாலு பெட்டைகளும் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வந்தன. அவர்களைப் பொறுத்தவரை அது சேவலே அல்ல. ஊதாத் தொப்பி போட்ட அந்நியன்.

கொத்தை நிறுத்த அமெரிக்காவில் டென்னசிக்காரர் ஆண்ட்ரூ ஜாக்சன் (பழைய அதிபர் அல்ல) 1903ல் கோழிக்கு மூக்குக்கண்ணாடி செய்து காப்புரிமையே வாங்கினார். பின்னால் சிவப்புக் கண்ணாடியும் வந்தது. எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால் ரத்தம் தனியாகத் தெரியாதாம். "எனக்குக் கண்ணாடி மாத்தி நாலு வருசமாச்சு" என்று மேற்பார்வையாளர் நினைவூட்டியதால் அந்தக் கருதுகோள் கைவிடப்பட்டது. எங்கள் ஊர்ப் பண்ணைகளில் குஞ்சிலேயே அலகு நுனியைச் சூட்டுக் கத்தியால் தீய்த்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அது கணக்கு. எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் குற்றவாளி நான்தான் என்று தெரிந்தது. நெருக்கடியான கூண்டு, நாள் முழுக்க வேறு வேலையில்லை, தீனி வெறும் நொய். புரதம் குறைந்தால் கோழி பக்கத்துக் கோழியிடம் தேடும். கூண்டைத் திறந்து கொல்லையில் மேயவிட்டேன். கீரைக்கட்டைத் தாவிக் கொத்துகிற உயரத்தில் கட்டினேன். பெரியம்மா சொன்னபடி பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் போட்டுக் கரையான் புற்றருகே கவிழ்த்து வைக்க, மறுநாள் காலை பானை நிறையக் கரையான். அதைக் கொட்டிய ஐந்து நிமிடமும் வரிசையெல்லாம் காற்றில் போனது.

சேவலைப் பெட்டைகள் கண்ணில் படும்படி பஞ்சாரத்தில் பன்னிரண்டு நாள் கவிழ்த்து வைத்து, ஓர் இருட்டில் சத்தமில்லாமல் கழியில் ஏற்றிவிட்டோம். விடிந்ததும் எப்போதும் அங்கேயே இருந்தவன்போல் கூவியது. நாலரைப் பல்லோடு.

கருப்பியின் ஆர்வம் இப்போது என் சிவப்பு ரப்பர் செருப்பின் வாரில் திரும்பியிருக்கிறது. நீலச் செருப்பு ஒரு ஜோடிக்கு நிதி கோரியுள்ளேன்; மேற்பார்வையாளரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.