ரேட் பேசும் மென்பொருள்

பாரிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவரும் இப்போது லேப்டாப்பைத் திறந்து கணக்குப் போட்டுவிட்டுத்தான் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ரேட் பேசப் போகிறார். விலைக்கு இத்தனை மதிப்பெண், பணம் வரும் தேதிக்கு இத்தனை. "உங்கள் மாற்று வழி பலமானது, இறங்காதீர்கள்" என்கிறது மென்பொருள். மாற்று வழி என்ற கட்டத்தில் அவர் தட்டியிருந்தது, வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பது.

கணக்கைப் பழிக்க முடியாது. பேரத்துக்கு ஜான் நாஷ் 1950-லேயே சூத்திரம் எழுதிவிட்டார். ஐ.நா. கடல் சட்ட மாநாட்டில், ஆழ்கடல் சுரங்கம் ஒவ்வொன்றுக்கும் முன்கட்டணம் 6 கோடி டாலர் என்றது இந்தியா. சல்லிக்காசு கிடையாது என்றது அமெரிக்கா. வருமானம் வருவதற்கு 5 ஆண்டு முன்பே அவ்வளவு கட்டச் சொன்னால் எவனும் தோண்ட வரமாட்டான் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கணினி மாதிரி காட்டியது. மறுபடி யோசிக்கிறோம் என்றது இந்தியா. கொஞ்சம் கட்டினால் குடி முழுகாது என்று அமெரிக்காவுக்கும் புரிந்தது.

அங்கே இரு தரப்பும் ஒரே கணக்கைப் பார்த்தன. இங்கே பர்ச்சேஸ் அதிகாரி பார்ப்பது போன வருஷ ரேட்டை மட்டும். "அதுல அஞ்சு பர்சன்ட் குறைச்சுக்குங்க அண்ணே, பேமென்ட் மெதுவா வரும்."

குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். பட்டறைக்காரரே, முதலில் அதைப் படியும். அதற்குச் சந்தா கிடையாது.