உப்பின் மேல் பழி வேண்டாம்

கேள்வி: காய்ச்சல் விட்டு ஒரு மாதம் ஆகிறது. கழுத்தில் சங்கிலி பட்டாலே வலி. காது வரை இழுக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. தைராய்டு என்கிறார்கள். "உப்பளத்து ஊரிலிருந்து தைராய்டா?" என்கிறார் மாமியார்.
- வாசகி, திரேஸ்புரம், தூத்துக்குடி

பதில்: மாமியாரிடம் சொல்லுங்கள்: உப்பு நிரபராதி. கடல் உப்பில் இயல்பாக அயோடின் மிகக் குறைவு. நம்மூர் ஆலைகள் அதைச் சேர்த்துத்தான் பாக்கெட் போடுகின்றன. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் போன மாதத்துக் காய்ச்சல் மேல்தான் சந்தேகம். வைரஸ் காய்ச்சல் போன சில வாரங்களில் வரும் தைராய்டு அழற்சி இது. சுவிஸ் மருத்துவர் டி குவெர்வான் 1904-லேயே விவரித்திருக்கிறார். கொரோனாவுக்குப் பின் வந்ததை இத்தாலியின் பீசா நகர மருத்துவர்கள் 2020-ல் பதிவு செய்தார்கள்.

துறைமுகக் குடோன் சுவர் இடிந்து மூட்டைகள் வெளியே சரிந்த கதைதான். சுரப்பியில் சேமித்த ஹார்மோன் ரத்தத்தில் கொட்டுகிறது, படபடப்பு அதனால். உற்பத்தி கூடவில்லை. ஆகவே உற்பத்தியை அடக்கும் கார்பிமசோல் இதற்கு உதவாது. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையைத் தயவுசெய்து வாங்கி விழுங்காதீர்கள்! டி.எஸ்.எச்.சோடு இ.எஸ்.ஆர். பரிசோதனையும் கேளுங்கள், இந்த நோயில் அது எகிறியிருக்கும். வலிநிவாரணி, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு. இரண்டையும் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இருப்பு காலியானதும் சில மாதம் சுரப்பு குறைந்து சோர்வு தட்டும். பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும். சிலருக்குத்தான் ஆயுள் முழுக்க மாத்திரை. வலி போய்விட்டதென்று மறுபரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.