பேசா ஈறுகள்: பிரெஞ்சு ஒழுங்கு வினைகள் குறித்து ஒரு செவிவழி ஆய்வு

பிரெஞ்சு வினைச்சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது, 'ஈ-ஆர்' என்று முடியும் முதல் வகுப்பைச் சேர்ந்தவை. ஒன்றின் விகுதிகளை உருப்போட்டால் ஆயிரக்கணக்கான வினைகள் கைவசம் என்று ஆசிரியர்கள் ஆசை காட்டுவார்கள். கண்ணை மூடி, காதை மட்டும் திறந்து வைத்து அதைச் சோதிப்பதே இவ்வாய்வு.

எடுத்துக்கொண்ட வினை 'பார்லே', அதாவது பேசுதல். நான் பேசினால் 'பார்ல்'. நீ பேசினாலும் 'பார்ல்'. அவன் பேசினாலும், அவர்கள் கூட்டமாகக் கூடிப் பேசினாலும் அதே 'பார்ல்'. தாளில் மட்டும் 'நீ' என்பதற்கு ஓர் 'எஸ்', 'அவர்கள்' என்பதற்கு ஓர் 'ஈ-என்-டி'. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்ட ஊழியர்கள் இவை. மிஞ்சியவை 'நாங்கள்', 'நீங்கள்' இரண்டும்தான். 'நாங்கள்' வரவேண்டிய இடத்தில் பேச்சுவழக்கு 'ஓன்' என்ற பொதுச்சொல்லை உட்கார வைத்துவிட்டது, அதற்கும் 'பார்ல்'தான். ஆக, ஆறில் ஐந்து ஒரே ஒலி.

இரண்டாம் வகுப்பான 'ஃபினீர்' இனம் இவ்வளவு மோசமில்லை. அவன் முடித்தால் 'ஃபினி', அவர்கள் முடித்தால் 'ஃபினிஸ்'. காதுக்கு மரியாதை தரும் இந்த இனம் சிறுபான்மை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

பேசாத எழுத்துகளால் பிழைப்பவர்களும் உண்டு. பெஷெரெல் சகோதரர்களின் வினைவிகற்ப நூல் 1842இல் வந்தது. அந்தப் பெயர் இன்றும் பள்ளிப் பைகளில் கனக்கிறது. 1985இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் பெர்னார் பிவோ தொடங்கிய சொல்வதெழுதல் போட்டிக்கு வளர்ந்த மனிதர்களே வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். எழுதியபடியே உச்சரிக்கும் மொழியில் இப்படியொரு போட்டி நடத்தினால் யார் டிவி பார்ப்பார்கள்?

பன்மை விகுதிக்காக வாதாடுவோர் இரண்டு சாட்சிகளை நிறுத்துகிறார்கள். முதல் சாட்சி, உயிரெழுத்தில் தொடங்கும் 'ஏமே', அதாவது நேசித்தல். அவன் நேசித்தால் 'இல் ஏம்'. அவர்கள் நேசித்தால் 'இல்ஸேம்'. வித்தியாசம் கேட்கிறதே என்பார்கள். கேட்பது 'அவர்கள்' என்ற சொல்லின் கடைசி 'எஸ்'. வினையின் விகுதி அப்போதும் வாய் திறப்பதில்லை. சாட்சி தள்ளுபடி.

இரண்டாவது, கேள்வி வாக்கியம். 'அவர்கள் பேசுகிறார்களா?' என்று வினையை முன்னே தள்ளிக் கேட்டால், உறங்கிய 'டி' விழித்துக்கொண்டு 'பார்ல்தீல்?' என்று ஒலிக்கிறது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 'அவன் பேசுகிறானா?' என்ற கேள்வியில் இரண்டு உயிர்கள் மோதக்கூடாதென்று, உரிமையே இல்லாத ஒருமைக்கும் ஒரு 'டி'யைக் கடன் வாங்கி, இருபுறமும் சிறுகோடு போட்டுச் செருகியிருக்கிறார்கள். ஆகவே அதுவும் 'பார்ல்தீல்?'