மாநகரப் பிராப்தி

2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி தன் எல்லையை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விஸ்தரித்து, அம்பத்தூர், ஆலந்தூர் முதலான 9 நகராட்சிகளையும் 8 பேரூராட்சிகளையும் 25 ஊராட்சிகளையும் ஒருங்கே கிரகித்துக்கொண்டபோது, கிராமவாசியாகப் படுத்தவர் மாநகரவாசியாகக் கண்விழிக்கும் மகாபாக்கியம் பலருக்கு யாதொரு பிரயாசையுமின்றிச் சித்தித்தது. பெயர்ப்பலகைக்குப் புதுச் சாயம் பூசியாயிற்று, வரிச்சீட்டும் வந்தது. பாதாளச் சாக்கடை மட்டும், கல்யாணத்துக்குப் புறப்படும் பெரிய மனிதரைப்போல, வெகு சாவகாசமாகக் கிளம்பிற்று. சோழிங்கநல்லூரிலே பத்தாம் மாடியில் வாசம் செய்யும் கனவான், தண்ணீர் லாரியின் ஹாரனுக்குச் செவிசாய்த்திருந்தார். பெருங்குடிக்கோ, இணைப்புக்குப் பல்லாண்டு முன்னரே பட்டணத்துக் குப்பை தவறாமல் விஜயம் செய்துகொண்டிருந்தது. ஆகவே, முதலில் இணைந்தது குப்பைதான் என்பது என் தீர்ப்பு.